மொட்டைமாடி நேர்ச்சை

பிப்ரவரி 8, 2024, வியாழன்: சிந்துபூந்துறை

திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. ஆட்டோக்காரர் 250 ரூபாயில் தொடங்கினார். போக வேண்டிய இடம் சிந்துபூந்துறை என்றதும் பேரத்தை விட்டுவிட்டு, "வெள்ளத்தில் உங்கள் ஆட்கள் அகப்பட்டார்களா அக்கா?" என்று கேட்டார். சித்தி என்றேன். "அப்படியானால் 150 கொடுங்கள், போதும்" என்றார். வழி நெடுக, எந்தச் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒரு கையால் காட்டிக்கொண்டே ஓட்டினார். மற்றொரு கை வண்டியின் மேல் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

இந்தப் பயணம் என் விருப்பத்தில் அமைந்ததல்ல. வெள்ளத்தின்போது சாமிகளுக்குச் சித்தி நேர்ந்துகொண்ட கடன்களைத் தீர்க்கும் பயணம் இது. நான் துணைக்கு வந்தவள்.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் திருநெல்வேலிச் சீமையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். மலையிலும் மழை, அணைகளிலிருந்தும் தண்ணீர், ஊருக்குள்ளும் மழை. தாமிரபரணி சிந்துபூந்துறைத் தெருக்களுக்குள் வந்தது. சித்தி பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்திருந்தாள். கூடவே அந்த வீட்டுக்காரர்கள், மாடியில் குடியிருக்கும் டீச்சர் குடும்பம், எதிர்வீட்டுத் தையல்காரரின் மனைவி, பிள்ளைகள். மின்சாரம் இல்லை, போன் இல்லை. கோயம்புத்தூரில் இருந்த நான் ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

சித்தி சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எதற்கும் கலங்காதவள் என்பது குடும்பத்தில் அவளுக்குள்ள பெயர். அன்றைக்கு அந்தப் பெயர் உதவவில்லை. ஏணிப்படியில் எத்தனை படி தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று டார்ச் அடித்து எண்ணுவது, எண்ணி முடித்ததும் ஒரு சாமியைக் கூப்பிடுவது என்று இருந்திருக்கிறாள். முதலில் குறுக்குத்துறை முருகன். அடுத்து ஏரல் சேர்மன் சாமி. டீச்சர் உவரி அந்தோனியாரைக் கூப்பிட்டதும் இவளும் சேர்ந்துகொண்டாள். தையல்காரர் மனைவி ஆற்றங்கரைப் பள்ளிவாசலுக்கு நேர்ந்தபோது அதற்கும் இவள் ஒரு முடிச்சு. மஞ்சள் துணி கிடைக்காததால் முந்தானையிலேயே காசை முடிந்துகொண்டாளாம். தண்ணீர் வடிந்த பிறகு அவற்றை முறைப்படி மஞ்சள் துணிக்கு மாற்றிச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறாள். எந்த முடிச்சு யாருக்கு என்பது மாறிப்போய்விட்டது. "எல்லாவற்றிலும் பதினொரு ரூபாய்தான். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது" என்றாள்.

வீடு சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக இருந்தது. ஆனால் பீரோவைத் திறந்தால் ஆற்று வண்டல் வாசனை. மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இதற்காகவே வரலாம்.

மாலையில் குறுக்குத்துறை. ஆற்றுக்குள் பாறைமேல் இருக்கும் கோயில் அது. வெள்ளம் வரும் என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் ஆறு பெருகும்போது உற்சவரையும் எடுக்கக்கூடிய பொருட்களையும் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார்; ஆறு அவர்மேல் ஏறிப் போகும். தண்ணீர் இறங்கியதும் சேற்றைக் கழுவித் தள்ளிவிட்டு வழக்கமான பூஜை. டிசம்பரிலும் அதுதான் நடந்தது, அளவு மட்டும் பெரிது. மண்டபத் தூணின் உச்சியில் சிக்கிய வைக்கோலும் ஒரு பிள்ளையின் ஒற்றைச் சட்டையும் இன்னும் அப்படியே இருந்தன.

பால் கொடுத்து, ஒரு முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "சித்தி, அன்றைக்கு முருகனே தண்ணீருக்குள் முழுகித்தானே கிடந்தார்? அவரைப் போய்க் கூப்பிட்டாயே."

"ஏட்டி, முழுகினவருக்குத்தானே தெரியும்" என்றாள்.

திருச்செந்தூர் மூலவர் சிலைக்கான கல் இந்தப் பாறையிலிருந்து எடுத்தது என்று ஊரில் சொல்வார்கள். அதையும் அவள் சொன்னாள். நான் முந்தைய பதிலிலேயே நின்றுவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி: புதுக்குடி, ஏரல்

தை அமாவாசை. ஜங்ஷனில் கூட்டம் நெரிந்தது. திருச்செந்தூர் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்ததற்குக் காரணம் சித்தியின் முழங்கை. செய்துங்கநல்லூர் தாண்டியதும் தண்டவாளத்தின் கீழே புது ஜல்லி வெள்ளையாகத் தெரிந்தது. டிசம்பரில் அங்கே ஜல்லியும் மண்ணும் அடித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இப்போது அந்த இடத்தில் ரயில் மெதுவாகப் போனது. பெட்டியில் பேச்சு தானாகக் குறைந்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினோம். சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் டிசம்பர் 17 இரவு நிறுத்தப்பட்ட ஸ்டேஷன் இதுதான். மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியாது. ஏறத்தாழ 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பிறகு சாலையும் துண்டிக்கப்பட்டது. ஐந்நூறு பேர் அளவில் ஸ்டேஷனிலும் ரயிலிலுமே கிடந்தார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே அவர்களுக்குச் சோறு கொண்டு வந்தவர்கள் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். தங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்ற நிலையில், இருந்த அரிசியைச் சேர்த்து அம்மன் கோயிலில் வைத்துச் சமைத்தார்கள்.

சித்திக்கு இங்கே நேர்ச்சை எதுவும் கிடையாது. "பார்க்க வேண்டும்" என்றாள், அவ்வளவுதான். கோயில் வாசலில் பூ தொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் உட்கார்ந்துவிட்டாள். நான் எதிர்பார்த்தது உருக்கமான பேச்சு. நடந்தது வேறு. ஒரு நேரத்துக்கு எத்தனை படி உலை வைத்தார்கள், ஈர விறகு எப்படிப் பிடித்தது, பெரிய அண்டா யாருடையது, பருப்பு போதாதபோது என்ன செய்தார்கள். பல வருடம் பிள்ளைகளுக்கு உலை வைத்தவளின் கேள்விகள். அந்தப் பெண்ணும் சளைக்காமல் பதில் சொன்னார். கோயில் கொடை விழா நேரத்தில் ஊருக்கே சமைக்கிற பாத்திரங்களும் பழகிய கைகளும் இருந்ததால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்றார். பயமாக இல்லையா என்று நான் கேட்டதற்கு, "இருந்தது, அதற்காக உலையை இறக்க முடியுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எழுந்தபோது சித்தியின் தலையில் ஒரு முழம் மல்லிகை. காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆபத்து நேரத்தில் கோயிலால் என்ன பயன் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருத்தி. அண்டாவும் அடுப்பும் இருக்கின்றன, வரிசையில் உட்காரவைத்துப் பரிமாறத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற பதிலை யாரும் எனக்கு இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

ஆற்றைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம் ஊருக்குள் வந்து ஏரல் பஸ் பிடித்தோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். நடத்துநர் முகத்தில் அதற்குரிய வருத்தம். அணைக்கட்டுப் பக்கம் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் கூட்டம். ஒரு பெரியவர் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்குள் புகுந்த அதே ஆறு.

ஏரல் சேர்மன் சாமியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அருணாசலம் என்ற அவர் ஏரலின் சேர்மனாக இருந்தவர். நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். முப்பது வயதைத் தொடும் முன்பே, 1908இல் ஆடி அமாவாசையன்று காலமானார். ஆற்றங்கரையில் அவரை அடக்கம் செய்த இடம்தான் கோயில். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பெருங்கூட்டம். நகராட்சித் தலைவரைத் தெய்வமாக்கிக் கும்பிடும் ஊர் வேறு எங்காவது இருக்கிறதா, தெரியவில்லை. இப்போதைய தலைவர்கள் யாரும் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம்.

வெயில் சுள்ளென்று இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆச்சி தன் குடையில் பாதியை எனக்குக் கொடுத்தார். பின்னால் நின்ற குடும்பம் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது புளியோதரை ஒரு உருண்டை எங்கள் கைக்கும் வந்தது. யார், எந்த ஊர் என்ற விசாரணையெல்லாம் சாப்பிட்ட பிறகுதான். எல்லோரும் பேசியது தண்ணீரைப் பற்றியே. ஒருவருக்கு வாழைத் தோட்டம் போய்விட்டது. ஒருவருக்கு மகளின் கல்யாணப் பட்டு போய்விட்டது. ஒருவரையொருவர் குறுக்கிடாமல் முறை வைத்துப் பேசிக்கொண்டார்கள். அதுவும் வழிபாட்டின் ஒரு பகுதி போலத்தான் நடந்தது. சித்தி தன் முறை வந்ததும் ஏணிப்படிக் கணக்கைச் சொன்னாள். என்னிடம் அவள் ஒருமுறையும் சொல்லாதது: பாதிக்கு மேல் படி முழுகியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டாளாம்.

கடைத்தெருவில் பல கடைகள் இன்னும் பாதி திறந்த நிலை. ஒரு பாத்திரக் கடையில், வெள்ளத்தில் கிடந்த சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் கணக்குப் பேரேடுகளை விரித்துக் காயவைத்திருந்தார் கடைக்கார அண்ணாச்சி. தாள்கள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் செம்பழுப்பு. ஒவ்வொரு தாளாகக் கத்தியின் முனையால் பிரித்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தில் போட்ட பிள்ளையார் சுழி மட்டும் மஞ்சளோடு அப்படியே இருந்தது. பாக்கி வைத்தவர்களின் பெயர்கள்தான் கரைந்திருந்தன. சுவரில் சேர்மன் சாமி படம். தண்ணீர்க் கோடு அவர் பாதத்துக்குச் சற்றுக் கீழே.

"சாமி தப்பித்துவிட்டாரே அண்ணாச்சி" என்றாள் சித்தி.

"அவர் சேர்மனாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டார்" என்றார்.

சித்தி ஒரு பித்தளைச் செம்பு வாங்கினாள், 320 ரூபாய். அவளிடம் ஏற்கெனவே நான்கு செம்பு உண்டு.

பாலத்தை ஒட்டிய சாலையை ஆறு அரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் பஸ் ஊர்ந்தது. ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டுக் கையைப் பிள்ளையார் படத்தில் தொட்டு எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 10, சனி: திருச்செந்தூர்

இங்கே எழுத அதிகம் இல்லை. கூட்டம், கட்டட வேலை, தூசி. விரைவாகச் சாமி பார்க்கவைக்கிறேன் என்று ஒருவர் 500 ரூபாய் கேட்டுப் பின்னாலேயே வந்தார். சித்தி அவர் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் விசாரிக்கத் தொடங்கியதும் காணாமல் போனார். பன்னீர் இலையில் மடித்த விபூதி கிடைத்தது. நாழிக்கிணற்றில் குளித்தோம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர். சித்தியின் முறைப்படி கடலில் முதலில், கிணற்றில் பிறகு. கடலில் அவள் கணுக்காலுக்கு மேல் இறங்கவில்லை. முன்பெல்லாம் அலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பனங்கிழங்கு ஒரு கட்டு 50 ரூபாய். மஞ்சள் போட்டு அவித்தது. தும்பை உரித்து உரித்து லாட்ஜ் அறை முழுக்க நார். பதநீர் இன்னும் இறங்கவில்லை என்றார்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு: உவரி, ஆற்றங்கரைப் பள்ளிவாசல்

குலசேகரன்பட்டினம் தாண்டியதும் செம்மண் தேரி மேடுகளும் பனையும். பஸ்ஸில் ஏறிய மீன்காரப் பெண் கூடையை என் காலின் மேல் வைத்துவிட்டு, "கொஞ்சம் பிடித்துக்கொள் தாயி" என்று தூங்கிவிட்டார். உவரி வரை நான் அந்தக் கூடைக்குக் காவல். இறங்கும்போது விழித்து, நன்றிக்குப் பதிலாக எனக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை கிடைக்க வாழ்த்தினார். எனக்குக் கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான்.

அந்தோனியார் கோயிலில் டீச்சருக்காகவும் சேர்த்து இரண்டு பெரிய மெழுகுவர்த்தி. பொட்டோடும் விபூதியோடும் வந்திருந்தவர்கள் நிறையப் பேர். யாரும் யாரையும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. சித்தி என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றாள். பிறகு சத்தமாகவே, "அய்யா, சொன்னபடி வந்துவிட்டேன்" என்றாள். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த பெண் திரும்பிப் பார்த்து, ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்.

உவரிக்கு மனநலம் குன்றியவர்களையும் அழைத்து வருவார்கள். ஒரு தாய் தன் வளர்ந்த மகனுடன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவன் விடாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவர் அவன் விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு விரல், ஒரு தடவல், அடுத்த விரல். அவனும் அந்த அளவுக்குக் கையை நீட்டினான். பேச்சுக் கொடுத்தபோது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக் கொடுப்பதாகவும், அது தீரும்போது மறுபடி போவதாகவும் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பயத்தில் சாமியிடம் வருகிறவர்களைப் பற்றி நல்லதாக மட்டுமே எழுதிவிட்டுப் போக மனம் இடம் கொடுக்கவில்லை. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைத்திருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து செத்தார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள். பயந்தவர்களின் நம்பிக்கையை வைத்துக் கடை நடத்துகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. இந்தத் தாய் பாளையங்கோட்டையையும் விடவில்லை, உவரியையும் விடவில்லை. மருந்து அவனுக்கு, இந்தத் திண்ணை தனக்கு என்றார்.

கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயிலையும் பார்த்துவிட்டு, ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் மீன்குழம்பு. சாப்பாடு 120 ரூபாய், சீலா மீன் துண்டு தனி. சித்தி அமாவாசையிலிருந்து இருந்த விரதத்தைப் பெருமளவில் முறித்தாள்.

ஆற்றங்கரைப் பள்ளிவாசலுக்கு ஆட்டோ 350 ரூபாய். நம்பியாறு கடலில் சேரும் இடம். காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. சர்க்கரையும் ஊதுபத்தியும் வாங்கிக் கொடுத்தோம். பாத்திஹா ஓதி, சர்க்கரையில் பாதியை எங்களிடமே திருப்பித் தந்தார்கள். உள்ளே பெண்கள் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த ஒருவர், நாங்கள் கேட்காமலே தன் ரொட்டியைப் பிய்த்து நீட்டினார். சித்தி பையில் துழாவி மூன்றாவது பனங்கிழங்கையும் தேடி எடுத்து அவருக்குக் கொடுத்தாள். இருவரும் ஏதோ நெடுநாள் பழகியவர்கள் மாதிரி மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். சித்திக்கு மருமகள் கிடையாது. என்னைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் திசையன்விளைக்குப் பக்கத்தில் பஸ் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. இருட்டில் இரண்டு மணி நேரம். தூரத்தில் மின்னல் வெட்டியது. சித்தி பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னலையெல்லாம் மூடினாள். மழை வரவில்லை. ஆனாலும் அவள் கை என் மணிக்கட்டை விடவில்லை. நேர்ச்சையெல்லாம் செலுத்திய பிறகும் இது போகவில்லையே என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கலாம். "வந்தால் வரட்டும், பஸ் உயரம்தான்" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

பிப்ரவரி 12, திங்கள்: கருங்குளம் பக்கம்

சித்தப்பாவின் சொந்த ஊர். ஊர் பெயர் வேண்டாம். சிறிய ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இங்கே கடன் சுடலைமாடனுக்கு.

இவரைக் கூப்பிட்டதுதான் சித்திக்கு உறுத்தல். நடுச்சாமத்தில் சுடலையின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். டிசம்பர் இரவில் மற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு முடித்து, வேறு யாரும் மிச்சம் இல்லாததால் சொல்லிவிட்டாள். நேர்ந்தது ஒரு கட்டுச் சுருட்டு. அதை வாங்க அவள் பெட்டிக்கடையில் நின்றதையும், "யாருக்கு அம்மா?" என்று கடைக்காரர் கேட்டதையும், "காவல்காரருக்கு" என்று இவள் சொன்னதையும் எழுதாமல் விடக்கூடாது.

எங்கள் சீமையில் பிறக்காதவர்களுக்கு: சுடலை, சுடுகாட்டைக் காக்கும் தெய்வம். பெரும்பாலும் உருவம் இருக்காது; செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பீடம்தான், மேலே போகப் போகக் குறுகும். வெள்ளையடித்துக் காவிப் பட்டை போட்டிருப்பார்கள். சின்ன வயதில் அதைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன். கொடை விழாவில் வில்லுப்பாட்டு நடக்கும், மேளம் உச்சத்துக்குப் போகும், நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டு வேட்டைக்குப் போவார். அந்த நேரம் தெருக் கதவெல்லாம் சாத்தியிருக்கும், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஊரே சேர்ந்து, நாள் குறித்து, மேளதாளத்தோடு பயப்படும் இரவு அது. அச்சுறுத்துகிறவனையே எல்லையில் நிறுத்தி, சோறு போட்டு, காவலுக்கு வைத்துக்கொண்ட சாமர்த்தியம் எங்கள் முன்னோர்களுடையது. படித்துவிட்டு இதை மூடநம்பிக்கை என்று நான் எழுதிய கட்டுரை ஒன்று கல்லூரி மலரில் வந்திருக்கிறது. இன்றைக்கு எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன். பலிகளைப் பற்றிய பத்தியை மட்டும் மாற்ற மாட்டேன்.

ஆற்றோரப் பீடங்களில் ஒன்று வெள்ளத்தில் கரைந்துவிட்டது. இப்போது மறுபடியும் கட்டுகிறார்கள். கொத்தனார் செங்கல்லின் மேல் கலவையை அப்பி, மட்டப்பலகையைக் கீழே போட்டுவிட்டு, நனைத்த கையாலேயே மேலிருந்து கீழாக வழித்தார். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டி ஒரு முனை எடுத்தார். சற்றுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இடது தோள் இறங்கியிருக்கிறது" என்றார். தோள் என்றுதான் சொன்னார். மறுபடி போய் ஒரு கைக் கலவை அப்பினார்.

சித்தப்பாவின் தம்பியிடம், வெள்ளத்தில் சுடலையைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். "யார் நினைத்தது? மாட்டின் கயிற்றை அறுக்க அரிவாள் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். இரண்டு மாட்டையும் அவிழ்த்துவிட்டார். ஒன்று நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் முதலில் வந்து பார்த்தது இந்தப் பீடத்தைத்தான். அது கரைந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது என்றார். மாட்டுக்காக அழுதாரா, பீடத்துக்காகவா என்று நான் பிரித்துக் கேட்கவில்லை.

சித்தி சுருட்டைப் பிரித்து ஒன்றைப் பற்றவைத்து வைத்தாள். ஈரக் கலவைமேல் வைக்கக்கூடாது என்று கொத்தனார் ஒரு செங்கல்லைக் காட்டினார். மீதிச் சுருட்டில் ஒன்று அவருக்குப் போனது.

பிப்ரவரி 13, செவ்வாய்: திருநெல்வேலி டவுன்

இரவு எனக்குப் பஸ். பையில் இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். பட்டவராயனுக்காம்.

காரையாற்றுக் காட்டுக்குள் சொரிமுத்தையனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பு காணிக்கை வைப்பார்கள். பிராமணக் குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துச் சகோதரிகள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் மாட்டு மந்தையைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர் அவர். வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடும் கதை. காணிக்கையாக வைத்த செருப்பு அடுத்த வருடம் பார்த்தால் தேய்ந்திருக்கும், அவர் இரவில் போட்டுக்கொண்டு காவல் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. செலுத்த வேண்டியது ஆடி அமாவாசையில், குடும்பத்தோடு. "அதற்கும் நீ லீவு போட வேண்டும்" என்று சித்தி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

செருப்பை இப்போதே சொல்லிவைக்க வேண்டுமாம். ஆடியில் விலை ஏற்றிவிடுவார்களாம். டவுனில் கையால் தைத்துத் தரும் ஒரு கடைக்குப் போனோம். போகும் வழியில் இலையில் சுடச்சுட நூறு கிராம் அல்வா. நெய் முழங்கை வரை வழிந்தது. கடைக்காரர் தோலை எடுத்து வளைத்துக் காட்டினார். 900 ரூபாய் என்றார். சித்தி 600இல் நின்றாள். 750க்கு இறங்கி வந்தார்கள்.

"என்ன அளவு அம்மா?" என்று பென்சிலை எடுத்தார்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் கடைக்காரரைப் பார்த்தேன்.

"யாருக்கு?" என்றார்.

"பட்டவராயனுக்கு."

"அப்படிச் சொல்லுங்கள்" என்று பத்து என்று எழுதிக்கொண்டார். "காட்டில் நடக்கிறவர். அடித்தோல் இரண்டாகப் போடுகிறேன், 50 ரூபாய் கூட ஆகும்."

அதற்கு மட்டும் சித்தி பேரம் பேசவில்லை. முன்பணம் 300 ரூபாய் என் கையிலிருந்து போனது. பஸ் ஏறும்வரை அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.